கைராசி

இன்றைக்காவது என் வளை நிறையுமா?

வசுமதி இதை யாரிடமும் கேட்கவில்லை. சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைந்தபடி தனக்குள் கேட்டுக்கொண்டாள். அவளுடைய முன்கையில் வரிசையாக வளைகள். மணிக்கட்டருகே இருந்த இரண்டும் கணவர் குமரகுருவுடையவை. கைப்பேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று. அதற்கு மேலே மகள் இதழினியுடையது. முழங்கையை ஒட்டி, வியர்வை அவ்வளவாக எட்டாத இடத்தில், அவளுடையது.

சுவரில் செருகும் கைப்பேசிகள் வழக்கொழிந்து வெகுகாலமாகிவிட்டது. வளைக்குள் இருப்பது சிறிய எரிபொருள் கலம். வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம்தான் எரிபொருள். நொதிகள் அதைச் சிதைத்து மின்சாரமாக்கும். நிறைந்த வளையைக் கழற்றிக் கைப்பேசியின் முதுகில் பொருத்தினால் போதும். 'உங்கள் உழைப்பு, உங்கள் மின்சாரம்' என்றுதான் விற்றார்கள். ஆனால் குளிரூட்டிய அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏது வியர்வை? வீட்டுக்கு வந்ததும் வளையைக் கழற்றி அடுப்படியில் நிற்பவளிடம் நீட்டுவது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் அடுப்பு அணைந்துவிடும் என்று அடுப்படியில் மின்விசிறி போட மாட்டார்கள். இப்போது தீயில்லாத அடுப்பு. ஆனாலும் போடுவதில்லை. வியர்வை காய்ந்துவிடும்.

அக்கா மங்கை இன்றிரவு மகனோடு கனடாவுக்குப் புறப்படுகிறாள். "அங்க போயிட்டா நீ முழிச்சிருக்கப்ப நான் தூங்கிட்டு இருப்பேன்டி. கெளம்புறதுக்கு முன்னாடி ஒருதடவை ஆற அமரப் பேசிடலாம்" என்று சொல்லியிருந்தாள். போனமுறை அவள் அழத் தொடங்கியபோது வசுமதியின் கைப்பேசி அணைந்துவிட்டது. கணவரின் கைப்பேசியில் பேசலாம்தான். அவர் பக்கத்திலேயே நின்று "முடிச்சாச்சா?" என்பார்.

குமரகுரு உள்ளே வந்தார். கையில் புதிதாக ஒரு வளை.

"வசு, இதையும் கொஞ்சம் போட்டுக்க."

"யாரோடதுங்க?"

"எங்க மேனேஜரோடது. 'உன் வளை மட்டும் எப்படிய்யா இவ்வளவு நேரம் நிக்குது?'ன்னு கேட்டார். எல்லாம் எங்க வீட்டம்மா கைராசின்னு சொன்னேன்." அவர் பெருமையாகச் சிரித்தார்.

கூடத்திலிருந்து இதழினி குரல் கொடுத்தாள். "புது கனெக்‌ஷனுக்கு டெபாசிட் வாங்கிக்கோம்மா!"

கைராசி. வசுமதி அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஓய்வில்லாத தசைகளில்தான் அந்த அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நேற்றைய அலுப்பு தீராமல் எழுந்து, அதன்மேல் இன்றைய அலுப்பையும் ஏற்றிக்கொண்ட உடம்பு இது. இந்த வீட்டில் எல்லாத் திரைகளும் அதில்தான் ஒளிர்கின்றன. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கைராசி.

"கையில இடமில்லீங்க."

"மேல இருக்கே உன்னோடது, அதை எடுத்துடேன். அக்காகூடத்தானே பேசப்போற? நாளைக்குப் பேசிக்க."

நாளை இந்நேரம் அக்கா கடலுக்கு மேலே எங்கோ இருப்பாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

மாவை மூடி வைத்தாள். கணவரின் வளைகள் இரண்டையும் கழற்றி மேடைமேல் வைத்தாள். மகளுடையதையும் கழற்றினாள். முழங்கையிலிருந்த தன் வளையை மெல்ல இறக்கி, வியர்வை தேங்கியிருந்த மணிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதன் விளிம்பில், மின்சாரம் ஏறியதைக் காட்டும் பச்சை துளிர்த்தது.

"என்ன பண்ற? அவர்கிட்ட நாளைக்கு நான் என்ன சொல்றது?"

"கைராசி போயிடுச்சுன்னு சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை. மேனேஜரின் வளையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

வசுமதி கூடத்துக்கு வந்தாள். வளையைத் தன் கைப்பேசியில் பொருத்தினாள். மின்விசிறியை முழுவேகத்தில் சுழலவிட்டு, நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காற்று கழுத்தில் இறங்கியது. வளைகள் பதித்த தடங்கள் முன்கையில் வெளுப்பாகத் தெரிந்தன. அக்காவை அழைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

"ஏய், ஃபேனை நிறுத்து. வேர்வையெல்லாம் காயுது பாரு. என்னோடதும் இதழினியோடதும் பாதிகூட ஏறலை."

"காயட்டுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.