உப்புப் போடாத டப்பா

பதினாறாம் நாள் படையலன்று வீட்டில் இருந்தவர்கள்: சுகுமாரன். அவன் மகள் ரூபினி, பதினேழு வயது. யான் என்ற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த அழகம்மா, ரமணியின் அக்கா. மாலை போட்ட படத்தில் அவன் மனைவி ரமணி. வேறு யாரும் இல்லை.

சமையலறைத் தரையில் இலை விரித்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். செத்தவள் சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் கூடத்தில் நின்றார்கள். பத்து நிமிடம் கழித்து அழகம்மா மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தாள். சோறு அப்படியே இருந்தது. குழம்பு மட்டும் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, நான்கு விரல் இழுத்த தடத்தோடு.

அழகம்மா குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

“உப்பு இருக்கு. செத்தவங்களுக்குப் படைக்கிறதுல உப்பு போடக் கூடாதுன்னு தெரியாதா தம்பி? யாரு ஆக்குனா இத?”

“ரமணிதான்க்கா.”

ஆப்பரேஷனுக்குப் போகும் முன் ரமணி ஒரு வாரம் நின்று சமைத்தாள். திரும்பி வந்து நாற்பது நாள் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கழுவி, ஆறவைத்து, நிரப்பி, ப்ரீசரில் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் எழுதினாள்: கோழிப் பெரட்டல், மூணு பேர். சாம்பார், மூணு பேர். அவள் திரும்பி வரவில்லை. சுகுமாரனுக்கு அடுப்படி பழக்கமில்லை. கடையில் தாப்பாவ் பொட்டலம் வாங்கினால் அழகம்மா ஏசுவாள். ஒரு டப்பாவை எடுத்து மைக்ரோவேவில் சுட வைத்துவிட்டான்.

“அவ ஆக்குனதையே அவளுக்கு வச்சியா?” அழகம்மா எழுந்து கை கழுவினாள். “நீ அவள சாப்பிடக் கூப்பிடல தம்பி. வேலைக்குக் கூப்பிட்டிருக்க.”

“பயமுறுத்தாதீங்க லா, பெரியம்மா,” என்றாள் ரூபினி. “அம்மா வந்தா நல்லதுதானே. அப்பா போடுற மெகியை நாய் கூடத் தின்னாது.”

அழகம்மா நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

சுகுமாரன் சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தான். பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுத் தூங்குவான். நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், காய்ந்த மிளகாயும் சோம்பும் எண்ணெயில் பொரியும் வாசம் கதவிடுக்கு வழியாக வந்து தலையணையில் ஏறியது. அதன் பின்னால், மழைக்கு முன் காற்று அடங்கிய அந்த நேரத்தில், கரண்டியை வாணலி விளிம்பில் இரண்டு முறை தட்டும் சத்தம், டக் டக் என்று, ரமணி இருபது வருடம் தட்டியது போலவே கேட்டது. அவன் எழுந்து போனான். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கழுவுதொட்டி ஈரமாக இருந்தது.

ப்ரீசரில் முந்தின நாள் இரண்டு டப்பாதான் மிச்சம். இப்போது ஒன்பது இருந்தன.

டேப்பில் அதே கையெழுத்து. ஒரு வித்தியாசம்: ரெண்டு பேர், ரெண்டு பேர், ரெண்டு பேர்.

அவன் டப்பாக்களைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒன்றை உருக வைத்தான். இருவரும் சாப்பிட்டார்கள். உப்பும் காரமும் அவள் கையளவு. ரூபினி அழுதுகொண்டே தட்டை வழித்தாள். எங்கே வாங்கினீங்க என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மூன்று வாரம் அப்படிப் போனது. காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தால் மறுநாள் அது நிறைந்து ப்ரீசரில் இருக்கும். பின் கதவில் அவனே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருந்தான். பிரயோஜனம் இல்லை. பயம் இருந்தது. பசியும் இருந்தது. பழகிக்கொண்டான்.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. வெளியே வானம் கறுத்து, ஜெராய் மலை மறைந்துவிட்டது. அவன் ப்ரீசரைத் திறந்தான். பனிப்புகை முகத்தில் அடித்தது.

சாம்பார், ஒரு ஆள்.

நெத்திலி, ஒரு ஆள்.

ஒரு ஆள். ஒரு ஆள். எல்லாவற்றிலும்.

அடியில் ஒரு டப்பா தனியாக இருந்தது. மற்றவை கல்லாக உறைந்திருக்க, அது சூடாக இருந்தது. மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது. டேப்பில் கறியின் பெயர் இல்லை.

ரூபினி.

திறந்தான். கோழிப் பெரட்டல். ரூபினிக்கு உயிர். கறிவேப்பிலை பச்சையாகவே இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு இல்லை.

இன்னொரு முறை தொட்டான். இல்லை. துளி கூட இல்லை.

இருபது வருடத்தில் ரமணி ஒரு நாளும் உப்பை மறந்ததில்லை. டப்பா கையிலிருந்து விழுந்தது. ரெண்டு பேர் ஒரு ஆளாவது எப்படி என்று இப்போது தெரிந்தது. ஒருவருக்குச் சாப்பாடு. இன்னொருவருக்குப் படையல்.

வாசலுக்கு ஓடினான். ரூபினியை வீட்டுக்குள் விடக் கூடாது. வேன் வந்ததும் அப்படியே காரில் ஏற்றி யானுக்குக் கொண்டுபோய் அழகம்மாவிடம் விட வேண்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை இறங்கியது. பள்ளி வேன் முனையில் திரும்பியது. வேகம் குறையவில்லை. வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

கைப்பேசி அடித்தது.

“பா, எங்க இருக்கீங்க?”

“நீ எங்கம்மா இருக்க? வேன் நிக்காமப் போகுது!”

“பின் லோரோங் சந்துல எறங்கிட்டேன் லா. மழை பெய்யுதுல்ல. பின் கதவு தெறந்துதானே கெடக்கு.” மூச்சை இழுத்து மோந்தாள். “பெரட்டலா? வாசம் ரோடு வரைக்கும் வருது. அடேங்கப்பா, எலை எல்லாம் போட்டு வச்சிருக்கீங்க!”

“உள்ள போகாத. ரூபினி. வெளிய வா. வெளிய வா!”

“இருங்க பா, பசிக்குது.”

அவன் கூடத்தைத் தாண்டி ஓடினான். ஈரக் கால் வழுக்கியது. விழுந்தான். எழுந்தான். நடைக்கு அந்தப் பக்கம் சமையலறைக் கதவு திறந்திருந்தது.

தரையில் இலை. இலை முன்னால் ரூபினி, பள்ளிச் சீருடையில், சம்மணம் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி. சடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை வாய்க்குப் போனது. நின்றது.

“பா,” என்றாள், திரும்பாமல். “உப்பே இல்ல.”

டக் டக்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. நகக்கண்ணில் மஞ்சள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. அது அவசரமில்லாமல் கதவைத் தள்ளியது, சாப்பிடுகிறவரைப் பார்க்கக் கூடாது என்பது போல.

கதவு சாத்திக்கொண்டது.

அவன் தட்டினான். ஒரு முறை. இரண்டு. மூன்று.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.