அரைப் பாதம்

இரண்டாவது முறையும் கால் பாதம்தான் வந்தது.

அளவை அறையிலிருந்து வெளியே வந்த அருமைநாயகம் ஐயர், கையிலிருந்த சீட்டை நண்பரிடம் நீட்டிவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவரைப் போல அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"நேத்தும் கால், இன்னைக்கும் கால். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஒரே நிலையா நிக்கேன் பாத்தீரா வே!"

குருபாதம் ஐயருக்குச் சிரிப்பு வரவில்லை. தேறுவதற்கு அரைப் பாதம் வேண்டும். மூன்று முறைதான் அளப்பார்கள். மூன்றாவது அளவு இன்று மதியம் மூன்று மணிக்கு. அதிலும் கால்தான் என்றால் சாயங்காலத்துக்குள் அருமைநாயகத்தின் அங்கியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முப்பத்தோரு வருடம் ஊழியம் செய்த மனிதர், நாளையிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம்கூடக் கொடுக்க முடியாது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அந்த ஐயர்மார்களுக்கு இந்தக் கண்டம் வந்தது சொற்பொறிகள் என்ற பேசும் இயந்திரங்களால். பிரசங்கமா, அடக்க ஆராதனையா, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிக்குப் புத்தி சொல்வதா, எதுவானாலும் சொற்பொறி மனிதனைவிட நன்றாகச் செய்தது. அதற்குத் தொண்டை கட்டாது. பாடகர் குழுவோடு மல்லுக்கு நிற்காது. அப்படியானால் ஐயர் எதற்கு என்று சனங்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! சபை மன்றம் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. பொறி எல்லாம் செய்யும், விசுவாசிக்காது. ஆகவே விசுவாசிப்பதே ஐயரின் வேலை.

சரி, அவர் விசுவாசிக்கிறார் என்பதை யார் கண்டது? அங்கேதான் விசுவாசமானி வந்து சேர்ந்தது. தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் 'விசுவாசிக்கிறேன்' என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வானம், பூமி எல்லாவற்றையும் தாண்டி வந்து அந்தச் சொல்லை வாய் தொடும்போது மூளையில் ஓர் அலை எழும். மானி அந்த அலையைப் பிடித்து, ஒரு மூல அலையோடு ஒப்பிட்டு, இத்தனை பாதம் என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும்.

யாருடைய பாதம்? குருபாதத்தின் பாதம்தான்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், மானியை உருவாக்கியவர்கள் மூல அளவுக்கு ஆள் தேடினார்கள். தென்மாவட்டத்திலேயே விசுவாசத்தில் பேர் எடுத்த இளைஞரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார் அப்போதைய பேராயர். 'உபவாச குருபாதம்' என்றால் அன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து குருபாதம் பிரமாணத்தைச் சொன்னார். எழுந்த அலையைப் பார்த்துப் பொறியாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்கு 'ஒரு குருபாதம்' என்று பேர் வைத்தார்கள். நாளடைவில் குரு உதிர்ந்து பாதம் மட்டும் மிஞ்சியது. ஐயர்மார் ஒருவரையொருவர் பார்த்தால் சுகம் விசாரிப்பதுபோல "உமக்கு எத்தன பாதம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். குருபாதத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவரை மறுபடி அளக்கவும் இல்லை. படிக்கல்லை யார் தராசுத் தட்டில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிறார்கள்?

இதில் ஒரே ஒரு சிக்கல். குருபாதம் ஐயருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இன்று நேற்றல்ல, மூல அளவு எடுத்த அன்றிலிருந்தே கிடையாது.

அன்று காலை, அளவைக்கூடத்தின் வராந்தாவில் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பிரசவத்துக்குப் போயிருந்த ரூபவதி அக்கா இறந்துவிட்டாள். அவளுக்காக மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஜெபித்தவர் அவர். "அக்கா பிழைச்சு வருவா, எனக்கு வாக்குக் கிடைச்சிட்டு" என்று வீட்டில் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டு வந்தவர். போனை வைத்த கையோடு உள்ளே கூப்பிட்டார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. மாடிப்படி இருக்கிறதென்று இருட்டில் காலை வைத்து, இல்லாமல் போனால் ஆள் அப்படியே கீழே போவானே, அப்படி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் கூட்டி, "விசுவாசிக்கிறேன்" என்றார். கைதட்டல் கேட்டது.

பாவம், அவரும் சில வருடம் மானியைத்தான் நம்பினார். இவ்வளவு பெரிய இயந்திரம் சொல்கிறதே, எனக்குள் விசுவாசம் இருக்கத்தான் செய்யும், எனக்குத்தான் கண்ணில் படவில்லை என்று நினைத்தார். பிறகு அந்த நினைப்பும் தேய்ந்து போயிற்று. ஆனால் வேலையை விடவில்லை. சாகக் கிடந்தவர்கள் அவர் கையைத்தான் கேட்டார்கள். பொய் சொல்லிப் பிழைக்கிறோமே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டே, கேட்டவர்களுக்கெல்லாம் கையைக் கொடுத்தார்.

மதியம் இருவரும் உணவுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அருமைநாயகம் சாம்பாரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு. பரவாயில்ல. சமைச்ச பிள்ளைக்கு என்ன கவலையோ, அதப் பாத்துக்கிடும். ஸ்தோத்திரம்." எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் அவர் எப்போதும் ஜெபிப்பார். வேதாகமக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

இவருக்கா கால் பாதம்! குருபாதம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஊழியம் போனாப் போகட்டும் வே," என்றார் அருமைநாயகம் திடீரென்று. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "அதுக்கு நான் அழல. என் சபை, ஆறுதல்புரத்துச் சனங்க கேப்பாங்கள்லா, இத்தன வருசம் எங்க பிள்ளைகளப் பொய்யாவா ஆசீர்வதிச்சீருன்னு? மிஷின் சொல்லுதே, நான் நம்பலன்னு. நானுங் கெடந்து யோசிச்சுப் பாக்கேன். எனக்கே வெளங்கல. ஒருவேள நான் சும்மா வாயிலதான் சொல்லிட்டுத் திரிஞ்சேனோ?"

அவர் கண் கலங்கிவிட்டது. குருபாதத்தால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே அளவை அறைக்குப் போனார்.

அளவை அதிகாரி ஜெனிட்டா கெட்டிக்காரப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மூல அளவே நேரில் வந்து நிற்பதைப் பார்த்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். குருபாதம் உட்காரவில்லை. வராந்தாவில் வந்த அழைப்பிலிருந்து ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து சொன்னார்.

ஜெனிட்டா திரையில் இரண்டு அலைகளை வரவழைத்தாள். ஒன்று மலைபோல ஏறி இறங்கியது. மற்றொன்று கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

"மேல உள்ளது உங்களோடது. கீழ உள்ளது அருமைநாயகம் ஐயரோடது. ரொம்ப நாளா எனக்கு ஒரு உறுத்தல் ஐயா. வயசானவங்க, சாதுவானவங்க, இவங்கதான் அதிகமாத் தோக்குறாங்க. பழக்கத்துல ஓதுறாங்கன்னு எங்க மேலிடத்துல எழுதிவச்சிருக்காங்க. இப்பத்தான் புரியுது. இந்த மானி நம்பிக்கைய அளக்கல. பிடிய அளக்குது. விழுறவன்தான இறுக்கிப் பிடிப்பான்? தரையில நிக்கிறவன் எதுக்குப் பிடிக்கணும்?"

"அப்படின்னா தேறினவங்க?"

"நாலாயிரத்துச் சொச்சம் பேர் தேறியிருக்காங்க."

"அத்தன பேருமா?"

ஜெனிட்டா திரையை அணைத்தாள்.

"நம்ம பேராயருக்கு எத்தன?" என்று மெதுவாகக் கேட்டார் குருபாதம்.

"முக்கால் பாதம் ஐயா."

நாலாயிரம் ஐயர்மார்! எல்லாரும் என்னைப் போலத்தானா? ஒவ்வொருவரும் தான் மட்டுமே கள்ளன் என்று நினைத்து, சீட்டைப் பார்த்துத் தேற்றிக்கொண்டு கிடக்கிறார்களா? குருபாதத்துக்கு அந்த முகம் தெரியாத நாலாயிரம் பேர் மேலும் இரக்கம் பொங்கியது.

"மூணு மணி அளவ நிறுத்த முடியுமா?"

"முடியாதய்யா. நீங்க எழுதிக் குடுங்க, நான் கையோட மேல அனுப்புறேன். ஆனா விசாரணை முடிய ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும் மானி சொல்றதுதான் செல்லும்."

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மணி இரண்டேகால். ஒரு வருடம் கழித்து அங்கி திரும்பி வரும், வரட்டும். ஆனால் அந்த ஒரு வருடமும் இந்த நல்ல மனிதன் தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு கிடப்பானே! அதைத் தாங்க முடியவில்லை குருபாதத்துக்கு. பாவ அறிக்கை செய்தால் எதிரே இருப்பவர் மனம் லேசாகும் என்று நினைக்கிற தப்பை ஓர் ஐயர்தான் செய்வார். செய்தார்.

கட்டடத்துக்குப் பின்னால் வாகைமரத்தடி பெஞ்சில் அருமைநாயகத்தை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "உம்ம விசுவாசம் உண்மை வே. சுத்தத் தங்கம். உரைகல்லுதான் போலி. நான்தான் அந்தப் போலி. நீரு ஒரு நாளும் உம்மச் சந்தேகப்படாதேயும்."

அருமைநாயகம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். வாகை நெற்றுகள் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன.

"ரூபவதி அக்கா அடக்கத்தன்னைக்கு நீருதான பிரசங்கம் பண்ணுனீரு?" என்று கேட்டார் கடைசியில்.

"ஆமா."

"பெட்டிக்குப் பக்கத்துல நின்னு, 'நான் இன்னும் விசுவாசிக்கேன்'னு சொன்னீரு. நான் மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன். அதுக்கு முந்தின மாசந்தான் ஊழியமே வேண்டாம், ஊருக்குப் போயிருவோம்னு பெட்டியக் கட்டி வச்சிருந்தேன். உமக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அன்னைக்கு உம்ம முகத்தப் பாத்தேன் வே. சொந்த அக்காளப் பறிகொடுத்தவன் இப்படி நிக்கான்னா, அந்தப் பக்கம் யாரோ நிச்சயமா இருக்காருன்னு நெனச்சேன். போயி பெட்டிய அவுத்தேன். அன்னைலேருந்து எனக்குச் சந்தேகமே வந்ததில்ல."

குருபாதத்தின் கைக்குள் இருந்த தன் கையை அருமைநாயகம் உருவிக்கொண்டார்.

"அன்னைக்கும் பொய்யா?"

அப்போதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருடம் சொன்ன வாய்க்கு இன்னும் ஒன்று பாரமா? ஆனால் உண்மையைச் சொல்லிப் பழகி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தப் புது மனிதர் ஆமென்று தலையை ஆட்டிவிட்டார்.

மூன்று மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் குருபாதம். ஜெனிட்டா வலைத்தொப்பியை மாட்டினாள். அருமைநாயகம் பிரமாணத்தைத் தொடங்கினார். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல மடமடவென்று சொன்னவர், இப்போது ஒவ்வொரு சொல்லாக வந்தார். வானத்தைத் தாண்டினார். பூமியைத் தாண்டினார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கண்ணாடி வழியாகக் குருபாதத்தைப் பார்த்தார். பாவி மனிதன், எதைத் தேடினாரோ! மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி வேர்த்தது.

"விசுவாசிக்கிறேன்."

திரையில் பச்சைக்கோடு கிளம்பியது. காலைத் தாண்டியது. அரையைத் தாண்டியது. மேசையருகே நின்ற உதவியாளர்கள் "அடேயப்பா!" என்று கூவினார்கள். முக்காலும் போய், ஒன்றையும் கடந்து, ஒன்றேகாலில் போய் நின்றது. மானி வந்த நாளிலிருந்து யாரும் தொடாத உயரம். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஜெனிட்டா மட்டும் தட்டவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சீட்டு அடிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

அருமைநாயகம் வெளியே வந்தார். சீட்டை நண்பரிடம் காட்டவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருவரும் பழைய பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தார்கள். உணவுக்கூடத்துப் பெண் செய்தி கேள்விப்பட்டுச் சந்தோஷமாக இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். "ஒன்னேகாலாமே ஐயா! நாளைக்கு என் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன், தலையில கை வச்சு ஜெபம் பண்ணணும்."

"கூட்டிட்டு வாம்மா," என்றார் அருமைநாயகம்.

அவள் போனதும் டம்ளரைக் கையில் எடுத்தார். பழக்கத்தில் கண் மூடிக்கொண்டது, உதடு பிரிந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணைத் திறந்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, என்று குருபாதத்துக்குள் ஒரு குரல் கதறியது. யாரிடம் கதறுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அப்போது அவர் தலையில் வலைத்தொப்பி இருந்திருந்தால் எத்தனை பாதம் காட்டியிருக்குமோ.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அருமைநாயகம் குனிந்த தலை நிமிராமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நாளைக்கு அந்தப் பிள்ளை தலையில கை வைக்கணும். நீரு இத்தன வருசம் எப்படி வே வச்சீரு?"