பியானோவுக்குள் எரிந்த விளக்கு

புதன்கிழமை காலை, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜோசலின் ராஜாராமன் வீட்டு வாசலில் நின்றாள்.

"சார், சனிக்கிழமை என் கச்சேரி. பியானோல அஞ்சு கட்டை அமுக்கினா எழும்பவே மாட்டேங்குது. யாரோ பண்ணியிருக்காங்க."

ராஜாராமன் ரயில்வேயில் சிக்னல் கோளாறுகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஸ்கூட்டரின் பின்னிருக்கை எதிர்வீட்டு வினிதாவுக்கு உரியது. நூலகரான அவள், இப்படி யாராவது வந்து நின்றால் அரைநாள் விடுப்பு எடுத்துவிடுவாள்.

முடிச்சூரில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஜோசலின் நடந்ததைச் சொன்னாள். பதினெட்டு வருடம் பாடகர் குழுவுக்குப் பின்னால் அமர்ந்து வாசித்தவள். அவள் மட்டும் தனியாக வாசிக்கும் முதல் நிகழ்ச்சி இது. நாள் குறித்தவன் அவள் கணவன் மெர்வின். அவன் இறந்து எட்டு மாதம். போன ஞாயிறு, சிறுசேரியில் வேலை பார்க்கும் கொழுந்தன் ஷெர்வின் வந்து, வருஷம் திரும்புவதற்குள் மேடை ஏறுவீர்களா அண்ணி என்று சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தான். அவன்மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

முன்பு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த பிறகு, மெர்வின் கூடத்துப் பியானோவைச் சிமெண்ட் கட்டைகள்மேல் ஏற்றி, ஈரம் தங்காமலிருக்க அதன் வயிற்றுக்குள் ஒரு பல்பு மாட்டியிருந்தான். அது இரவும் பகலும் எரியும். சுவிட்சை யாரும் அணைக்காதபடி டேப் ஒட்டியிருந்தான். டேப் அப்படியே இருந்தது.

ராஜாராமன் மண்டியிட்டுக் கீழ்ப்பலகையைக் கழற்றினார். உள்ளே இருட்டு. பல்பு ஹோல்டரில் சாய்ந்து நின்றது. அழுத்தித் திருப்பினார், எரிந்தது.

"வாசிக்கிற அதிர்வுல கழன்றிருக்குமோ சார்?" என்றாள் வினிதா.

"இது ரெண்டு பக்கமும் பின் வச்ச பல்பு. அழுத்தித் திருப்பாம கழலாது. கை பட்டிருக்கு. சூடு இல்லாம மழை ஈரத்துல கட்டை ஊதி மாட்டிக்கிச்சு."

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பக்தவச்சலத்தைப் பம்மலிலிருந்து வரவழைத்தார்கள். போன வாரம் வியாழக்கிழமை பலகையை மூடும் முன் பல்பு எரிவதை ஜோசலினிடம் காட்டிவிட்டுத்தான் போனதாகச் சொன்னார். அவளும் ஆமாம் என்றாள்.

மாமனார் யேசுதாசன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரவில் படுப்பதும் அங்கேதான். விளக்கு போனதைக் கவனித்தாரா என்று கேட்டதற்கு, இல்லை என்றார்.

கட்டில் தலைமாட்டில் ஒரு புது ஜீரோ வாட் விளக்கு மாட்டியிருந்தது. அதன் அட்டைப்பெட்டி அலமாரியில் இருந்தது. அது எப்போது வந்தது என்று ராஜாராமன் கேட்டார்.

"மாமா வெள்ளிக்கிழமை அவரே போய் வாங்கினாரு," என்றாள் ஜோசலின்.

ராஜாராமன் நாற்காலியை இழுத்து எல்லோருக்கும் நடுவில் போட்டார்.

"பெடல் இடுக்கு வழியா அந்த வெளிச்சம் நேரா இந்தக் கட்டில்மேல விழும். இத்தனை வருஷம் அதை வச்சுத்தான் ராத்திரி நீங்க எழுந்து போயிருக்கீங்க சார். வியாழன் எரிஞ்சுது, வெள்ளி உங்களுக்கு வேற விளக்கு வேண்டியிருந்துது. ஷெர்வின் ஞாயிறுதான் வந்தான். விளக்கு தானா போயிருந்தா மருமகளைக் கூப்பிட்டிருப்பீங்க. நீங்க கடைக்குப் போனீங்க."



"கை தட்டுவாங்க," என்றார் யேசுதாசன். "என் பையன் போய் வருஷம்கூட ஆகல. அதை உக்காந்து கேக்க என்னால முடியாதும்மா."

ஜோசலின் அழவில்லை.

"தட்டுவாங்க மாமா. தட்டணும். அவர் போனதுக்கு நான் வீட்டுக்குள்ள எட்டு மாசம் உக்காந்தாச்சு. ஒரு கட்டைகூட எழும்பலைன்னாலும் சனிக்கிழமை நான் வாசிப்பேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

பக்தவச்சலம் இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு கட்டைகளைச் சரிசெய்தார். ஐந்தாவது மசியவில்லை. சனிக்கிழமை அதே பியானோவைக் கொண்டுபோய் வைத்த கிழக்குத் தாம்பரம் அரங்கில் அந்தக் கட்டை கீழேயே நின்ற ஒவ்வொரு முறையும் ஜோசலின் அதை விரலால் தூக்கிவிட்டு, எல்லோரும் பார்க்கவே தூக்கிவிட்டு, மேலே வாசித்தாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. கடைசி வரிசையில் யேசுதாசன் கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தார். தட்டவில்லை. எழுந்து போகவுமில்லை.

அடுத்த வாரம் ராஜாராமனும் வினிதாவும் முடிச்சூர் போனார்கள். பியானோ பழைய இடத்துக்கு வந்திருந்தது; பெடல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வினிதா அவர் கையைத் தொட்டுக் கட்டில் பக்கம் காட்டினாள்.

தலைமாட்டு பிளக் பாயிண்டில் எதுவும் இல்லை. ஜீரோ வாட் விளக்கு அலமாரியில், அதன் அட்டைப்பெட்டிக்குள் திரும்பியிருந்தது.