கை சும்மா இருக்கு

"அந்தப் பொம்பளைய இன்னும் செத்த முன்னால வரச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஜெயபாய் டீச்சர்.

காளிராஜ் நிமிர்ந்தான். கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிய படங்களில் டீச்சரின் விரல் நின்றது அவனுடைய படத்தின் மேல். மகாராஜபுரத்தில் எடுத்தது. அறுவடை முடிந்த வயல், ஒற்றைப் பனை, பின்னால் மலை. அதில் பெண் யாரும் கிடையாது.

"ஆமா, பனைக்குப் பக்கத்துல எறும்பு மாதிரி நிக்கா" என்றான் உக்கிரபாண்டி. "எடுத்தவன் வெயிலுக்குப் பயந்து ரோட்டுலயே நின்னுட்டான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். காளிராஜ் வாய் திறக்கவில்லை. அங்கே அதுதான் சட்டம்.

ராஜபாளையத்தில் பொன்னுராஜின் ஸ்டூடியோ மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடுவார்கள். டீச்சர், டயர் கடை வைத்திருந்த உக்கிரபாண்டி, இன்னும் படப் பைத்தியம் பிடித்த சிலர். ஆளுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், பெயர் போடாமல். மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை படத்துக்குச் சொந்தக்காரர் பேசக் கூடாது, முகத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது. சொன்ன குறையை அடுத்த மாதப் படத்தில் சரிசெய்து கொண்டுவர வேண்டும். இதில் யாருக்கும் லாபம் கிடையாது. ஆனாலும் எல்லோரும் தவறாமல் வந்தார்கள்.

இறந்துபோன மனைவி செல்லத்தாயின் படத்தைப் பெரிதாக்கி வாங்கப் போனபோது பொன்னுராஜ்தான் காளிராஜைக் கூப்பிட்டார். "வீட்டுக்குள்ளயே கெடக்காதப்பா. ஒரு கேமராவத் தூக்கிக்கிட்டு வெளிய போ." போனான். போகாமல் இருக்கவும் அவனுக்குக் காரணம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில், மஞ்சள் பல்பின் கீழ், நிலக்கடலைத் தொலியும் டீசல் புகையும் வியர்வையும் கலந்த நெடியில், முன் சீட்டுக்காரரின் தலை தோளில் சாய்ந்து சாய்ந்து எழும் ஆட்டத்துக்கு நடுவே, அவன் அந்தப் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பனையின் அடியிலிருந்து நுனிவரை தேடினான். வெறும் வெயில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. பக்கத்து வீட்டுக் கிருபாபாய் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. பிறந்த வாரமே தாய் போய்விட்டாள். செல்லத்தாயின் பச்சைச் சேலையில் கட்டிய தொட்டில், உத்தரத்துக் கொக்கியில் கிறீச்சிட்டுக்கொண்டே ஆடும். கிறீச்சு நின்றால் அவன் விழித்துக்கொள்வான். எழுந்து போய்ப் பாப்பாவின் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பான். மூச்சு சுடும். பிறகுதான் படுப்பான். அவனுக்கு மிச்சமிருந்தது அந்தச் சூடு மட்டும்தான்.

அடுத்த மாதம் கோயில் தெப்பக்குளத்துப் படிகளை எடுத்தான். ஆள் இல்லாத மத்தியானம் பார்த்து, ஒவ்வொரு படியாகக் கண்ணால் துழாவி, ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடுத்தான்.

"பரவாயில்ல, சொன்னதக் கேட்டு முன்னால வந்துட்டா" என்றான் உக்கிரபாண்டி. "ஆனா முதுகுல்லா காட்டுதா. நம்ம மேல கோவமோ?"

"அடுத்ததுல திரும்பி நிக்கச் சொல்லணும்" என்றார் டீச்சர்.

உக்கிரபாண்டி கேலி செய்கிறவன். டீச்சர் கேலி செய்கிறவர் அல்ல. காளிராஜ் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது மாதம் வெளியே போகப் பிடிக்கவில்லை. தன் தெருவையும் தன் வீட்டு வாசலையும் எடுத்தான். அடுப்படியைக் கறுப்புத் துணியால் மூடிப் படத்தைக் கழுவினான். சிவப்பு வெளிச்சத்தில் காகிதத்தில் வாசல் மெல்ல எழுந்து வந்தது, கதவு வந்தது, ஜன்னல் வந்தது. பேண்டேஜ் துணியை வெளுக்கப் போடும் சலவைத் தூளின் நெடி அடித்தது. அவன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அந்த நெடி அவன் சட்டையில் எப்போதும் உண்டு. அன்று அவன் சட்டை போட்டிருக்கவில்லை.

காய்ந்துகொண்டிருந்த படத்தைக் கிருபாபாய் பார்த்தாள்.

"யாரு தம்பி இது, நம்ம வாசல்ல? பாதி திரும்பி நிக்காவ. நான் பாக்கவே இல்லையே."

அவன் படத்தைக் கவிழ்த்து வைத்தான். "தெரிஞ்சவங்க" என்றான்.

அந்த ஞாயிறு மாடியில் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பக்கவாட்டு முகம் வந்திருக்கு. முந்தான மறைக்குது. கையில என்னது வெள்ளையா?"

"பேண்டேஜ் டீச்சர். ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்துனா ஊசி மேல ஒட்டுவாவள்ளா, அது" என்றான் உக்கிரபாண்டி.

காளிராஜ் சுவரைப் பார்த்தான். செல்லத்தாயின் இடது கையில் அது இருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்துப் படுத்திருந்தாள். பாப்பா எடை குறைவு என்று வேறு அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள். "ஒரு தடவ என் கையில குடுக்கச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்கு என்றார்கள். விடியும்போது அவள் கை விறைத்துப்போயிருந்தது. அந்த வெள்ளைத் துணியோடுதான் கொண்டுவந்தார்கள்.

இங்கே யாருக்கும் அது தெரியாது.

அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கேமராவைப் பெட்டிக்குள் போட்டிருக்கலாம். ஆனால் அவள் எப்படி நிற்கிறாள், சேலையை எப்படிக் கட்டியிருக்கிறாள் என்று யாரோ சொல்ல, பேசாமல் உட்கார்ந்து கேட்பதற்கு இந்த ஒரு மாடிதான் இருந்தது. கடைசி நேரத்தில் அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். வலியோடு போனாளா, தெரியாது. முகம் நேராக வந்தால் டீச்சர் சொல்வார்.

நான்காவது மாதம் வீட்டுக்குள் எடுத்தான். சுவரில் மாலை போட்ட படம் இருந்த அறை. ஜன்னல் வெளிச்சம். பச்சைச் சேலைத் தொட்டில். அதன் மடிப்பிலிருந்து வெளியே நீட்டிய ஒரு சின்னப் பாதம்.

அன்று மாடியில் கரண்ட் இல்லை. பொன்னுராஜ் மெழுகுவத்தியைக் கையில் பிடித்து ஒவ்வொரு படமாகக் காட்டி வந்தார். கீழே தெருவில் யாரோ நாயை அதட்டினார்கள். மெழுகு உருகும் வாசம். அதனடியில் சலவைத் தூள்.

அவன் படத்தின் முன் வெளிச்சம் நின்றது.

"முகம் நேரா வந்திருக்கு" என்றார் டீச்சர். "ஆனா நம்மளப் பாக்கல. தொட்டிலப் பாக்குறாங்க. ரொம்ப நாளு பட்டினி கெடந்தவங்க சோத்தப் பாக்குற மாதிரி."

மெழுகுவத்தி ஆடியது. பொன்னுராஜ் குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவர் அவர். மெல்லத் திரும்பிக் காளிராஜைப் பார்த்தார்.

"எல்லாம் சரி" என்றான் உக்கிரபாண்டி. "ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு சும்மா நிக்கா பாருங்க. கை சும்மா இருக்கு. அதான் கொற. அந்தப் பிள்ளையத் தூக்கி..."

"சொல்லாத!" காளிராஜ் எழுந்துவிட்டான். நாற்காலி விழுந்தது.

"ஏலே, ஒன் படமா? என்னலே ஆச்சு? பிள்ளையத் தூக்கி அவ கையில குடுத்துட்டா படம் முழுசாயிரும்னேன், அம்புட்டுதான்."

"ஆமா" என்றார் டீச்சர், இன்னும் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது ஒண்ணுதான் கொற."

அவன் படத்தைக் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. தொற்றி ஏறினான். வழியெங்கும் இருட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கரண்ட் இல்லை. பஸ் நிற்குமுன் குதித்தான். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று.

கிருபாபாய் வாசலில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா?"

"அவ அப்பமே தூங்கிட்டா. நீங்க கொல்லப்பக்கமா வந்துட்டியன்னுல்லா நெனச்சேன். யாரோ தொட்டில ஆட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கே."

"நான் இப்பத்தான் வாரேன்."

விசிறி நின்றது.

உள்ளே கிறீச்சு. ஒரே தாளம். அவசரமில்லாமல்.

அவன் நடந்தான். இருட்டு. சலவைத் தூள் நெடி. சுவர் ஈரமாக இருந்தது. கிறீச்சு. கையை நீட்டினான். சேலை அவன் விரலில் வந்து மோதி, விலகி, மறுபடி வந்தது. உள்ளே கனம் இருந்தது. துணி தொய்ந்திருந்தது. பிடித்து நிறுத்தினான். விரித்தான்.

ஒன்றும் இல்லை.

துணி சூடாக இருந்தது.

பின்னால் விளக்கோடு வந்த கிருபாபாய் அலறினாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள், கொல்லைக்கு ஓடினாள், கிணற்றுக்குள் விளக்கை நீட்டினாள், பாப்பா பாப்பா என்று தெருவை எழுப்பினாள். அவன் நகரவில்லை. அவன் கையில் படம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடிய விளக்குகளின் வெளிச்சம் அதன்மேல் விழுந்து விழுந்து போனது.

கிருபாபாய் திரும்பி வந்தபோது அதை அவளிடம் நீட்டினான்.

"இதுல யாரு இருக்கா அக்கா?"

"இப்ப எதுக்கு தம்பி இது..." அவள் விளக்கைத் தூக்கினாள். "வெறும் தொட்டில்தான இருக்கு."

அவனுக்கு அந்தப் படத்தில் செல்லத்தாய் தெரிந்தாள். முதல் தடவையாக. சேலைக் கட்டு, வெடித்த உதடு, எல்லாம். அவள் தொட்டிலைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. அறையின் மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தாள், போகப்போகிறவளைப் போல. பாப்பாவின் முதுகில் அந்த வெள்ளைத் துணி ஒட்டிய கை இறுக்கிப் பதிந்திருந்தது. அவள் தோளுக்கு மேலாகப் பாப்பாவின் முகம், கண் விழித்து, அவனை நேராகப் பார்த்து, கூப்பிடுவதற்காக வாய் திறந்தபடி.