டுவேன் மாட்சனின் வெள்ளிக்கிழமைகள்

ஏப்ரல் பதினான்காம் தேதி மதியம் இரண்டேகால் மணிக்கு லொரெய்ன் மாட்சன் ஒரு கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு, வரி ஆலோசகர் ஆர்னே சல்மினெனின் அலுவலகக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். அலுவலகச் சுவர்க் கடிகாரம் ஒன்றேகால் காட்டியது. மார்ச் மாதம் ஊரே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியபோது இங்கே ஏணி ஏற யாருக்கும் தெம்பில்லை. வரிக்காலம் என்றால் அப்படித்தான். மறுநாள் கடைசி நாள்.

உதவியாளர் ரோசான் பெட்ரிச் எழுந்து ஓடினாள். இருபது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, முதுகு போனபின் இங்கே சேர்ந்தவள். காலையிலிருந்து முப்பத்தொரு பேரைப் பார்த்துக் கால் வீங்கியிருந்தது. ஆனாலும் யாராவது குழப்பமான முகத்தோடு வந்தால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஆர்னே அப்படியல்ல. முப்பது வருஷம் மாநில வரித்துறையில் பொய்க் கணக்குப் பிடித்து, மனிதர்கள் மேல் இருந்த ஆர்வமெல்லாம் வடிந்துபோனவர்.

"என்னங்க, கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றாள் ரோசான்.

"வேற எப்படிக் கொண்டாரது? எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு." லொரெய்ன் பெட்டியை மேஜையில் இறக்கி, விரலில் மாட்டியிருந்த சாவிக்கொத்தையும் பக்கத்தில் வீசினாள். "எங்க வீட்டுக்காரர் டுவேன் இணையத்துல வரிக்கணக்கு போடமாட்டாரு. கடையில அதுக்குன்னு இருக்கற மென்பொருள வாங்கி, வீட்டு மெஷின்ல ஏத்தி, கதவச் சாத்திக்கிட்டுத்தான் போடுவாரு. 'என் கணக்கு என் வீட்டுப் படி தாண்டக் கூடாது'ம்பாரு. இப்ப ஆளே படி தாண்டிப் போயிட்டாரு."

டுவேன் டிசம்பர் பதினொன்றாம் தேதி மாரடைப்பில் இறந்தது ஊருக்கே தெரியும். மண் இரும்பாக உறைந்திருந்ததால் சவப்பெட்டி இன்னும் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் இருந்தது. பனி இளகி, அடுத்த வாரம் சனிக்கிழமைதான் அடக்கம்.

"ரெண்டு வேலை இருக்கு," என்றாள் லொரெய்ன். "ஒண்ணு, வரி. டுவேன் பிட்காயின் சேத்து வச்சிருந்தாரு. அதெல்லாம் ஒரு லட்சத்துப் பன்னண்டாயிரம் டாலருக்கு வித்ததா மென்பொருள் சொல்லுது. வரி மட்டும் பதினாறாயிரம் கட்டணுமாம். என் கையில நாலாயிரம் இருக்கு, அதுவும் அடக்கச் செலவுக்கு. ரெண்டாவது, காயின் போன கணக்கு சரிதான்னு நீங்க இதுல சாட்சிக் கையெழுத்து போட்டுத் தரணும்."

அவள் நீட்டியது ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ் புகார்ப் படிவம். திருடியவர் பெயர் என்ற இடத்தில் கோரி மாட்சன் என்று அழுத்தி எழுதியிருந்தது.

"கோரியா? டுவேனோட மூத்த தாரத்துப் பையனா?" ரோசானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க பஸ்ஸுல வந்த பையனாச்சே!"

"அந்தக் கோரியேதான். நாலு மணிக்கு ஷெரிஃப் ஆபீஸ் மூடுறதுக்குள்ள கொடுக்கணும். அடக்கத்துக்கும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்பன் பெட்டிய அந்தக் கை தொடக் கூடாது."

ஆர்னே கண்ணாடியைக் கழற்றி மூக்கின் தழும்பைத் தேய்த்தார். "உக்காருங்க லொரெய்ன். அந்த ராத்திரி என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க. ரோசான், மெஷினை மாட்டு."

லொரெய்ன் சொன்னாள். டிசம்பர் எட்டாம் தேதி அவளுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் மாலை வேலை. ஒன்பது இருபதுக்கு வீட்டுக்கு வந்தபோது டுவேன் சமையலறை மேஜையில், இந்தக் கணினிக்கு முன்னால், சாம்பல் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. நாயைப் பார்த்துக்கொள்ள கோரியைக் கூப்பிட்டாள். அவன் பத்தரைக்கு வந்து, விடியும்வரை அந்த வீட்டில் தனியாக இருந்தான்.

"இப்ப இதப் பாருங்க." டுவேன் பிட்காயின் வாங்கிய வர்த்தகத் தளம் அனுப்பிய பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். "டிசம்பர் ஒன்பதாம் தேதி, விடிகாலை ரெண்டு நாப்பது. எல்லாக் காயினும் வெளிய போயிருக்கு. அங்க என் புருஷன் மூச்சுக்குத் தவிச்சிட்டிருக்காரு, இங்க மகன் கணினியத் தடவிட்டிருக்கான். பாவி!"

"கோரிகிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம? போன மாசம் போன்ல கிழிச்சேன். எடுக்கலைன்னான். அப்புறம் ஒரு நாடகம்: 'அப்பா ஆஸ்பத்திரியில நாலு நம்பர் சொன்னாரு, உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு, துக்கத்துல மறந்துட்டேன்'னு இழுத்தான். 'உன் நம்பர நீயே வச்சுக்கடா'ன்னு போனை வச்சிட்டேன்."

ரோசான் காப்பிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் சாவிக்கொத்தை நகர்த்தினாள். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பாட்டில் திறப்பான், கட்டைவிரல் அளவில், கணினியில் சொருகுகிற ஒரு கறுப்புக் குச்சி.

"பாத்து! அது டுவேன் போட்டோ போட்டு வச்ச குச்சி," என்றாள் லொரெய்ன். "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள என் கையில திணிச்சு, 'சாவியோட மாட்டி வை'ன்னாரு. அடக்கத்துக்கு வைக்க ஒரு நல்ல படம் எடுக்கலாம்னு சொருகிப் பாத்தேன், சனியன் திறக்கவே மாட்டேங்குது."

ஆர்னே மென்பொருளுக்குள் போனார். திரையில் டிசம்பர் ஒன்பதாம் தேதிக்கு இரண்டு பதிவுகள். இரண்டின் அருகிலும் 'விற்றது' என்று இருந்தது.

"இத நீங்கதான் தேர்ந்தெடுத்தீங்களா?"

"அதுவே அப்படித்தான் வந்துச்சு. காயின் எங்க போச்சுன்னு கேட்டுச்சு. எனக்கு எப்படித் தெரியும்? 'அடுத்தது', 'அடுத்தது'ன்னு அமுக்கிட்டேன். சமையல்கட்டுல பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து உக்காந்தவ நான்."

"டுவேன் இத எப்ப வாங்குவாரு?"

"வாரம் அம்பது டாலருக்கு, எட்டு வருஷமா. வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்குப் பேக்கரியில காப்பி வந்ததும் போனை எடுத்து அமுக்குவாரு. ஏழரைக்குச் சுரங்கத்துல ஷிஃப்ட். அவர வச்சு நம்ம கடிகாரத்தத் திருத்தலாம்."

"ரோசான், வாங்கின நேரத்த மட்டும் வாசி."

ரோசான் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஜனவரி, மதியம் ஒரு மணி. பிப்ரவரி, ஒரு மணி. மார்ச் பாதிக்கு மேல பன்னண்டு மணி. ஜூலை, பன்னண்டு. செப்டம்பர், பன்னண்டு. நவம்பர் மொத வாரத்துக்கு அப்புறம் மறுபடி ஒரு மணி." அவள் நிமிர்ந்தாள். "காலையில ஏழுன்னீங்க. ஒரு வேளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வாங்கினாரோ?"

"சுரங்கத்துக்கு அடியில போன் வேலை செய்யாது," என்றாள் லொரெய்ன் கோபமாக. "என் புருஷன் பொய் சொன்னாருங்கிறியா?"

"எல்லாக் கள்ளத்தனமும் கோரியோடதுதான்," என்றாள் ரோசான் அவசரமாக. "மெஷின் நேரத்தையே மாத்தி வச்சிருப்பான்!"

"எட்டு வருஷமாவா?" என்றார் ஆர்னே. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒன்று நாற்பது காட்டியது. பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது.

"ரோசான், நம்ம சுவத்துல இருக்கறது ஏன் தப்பா ஓடுது?"

"நீங்க ஏணி ஏறமாட்டீங்க, நான் ஏறினா இறங்க மாட்டேன். அதனாலதான்."

"அது தப்பா ஓடல. அது பாட்டுக்கு ஓடுது, நாமதான் மார்ச்சுல ஒரு மணி நகந்தோம். இந்தத் தாளும் அதே மாதிரி." அவர் சோர்வான குரலில், அவசரமே இல்லாமல் பேசினார். "டுவேன் ஏழு மணிக் காப்பிய மாத்தற ஆள் இல்ல. ஆனா தாள்ல குளிர்காலத்துல ஒண்ணு, வேனில்ல பன்னண்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவ, சரியா கடிகாரம் மாத்தற வாரத்துல நகருது. அப்ப நகந்தது டுவேனும் ஊரும். தாள் நகரல. இது நம்ம ஊர் நேரமே இல்ல லொரெய்ன். கிரீன்விச் நேரம். உலகம் பூரா ஒரே கடிகாரம் வேணும்னு இந்தத் தளங்கள் அப்படித்தான் எழுதும். குளிர்காலத்துல அது நமக்கு ஆறு மணி நேரம் முன்னால ஓடும்."

லொரெய்ன் உதடு அசைய விரல்விட்டு எண்ணினாள். இரண்டு நாற்பதிலிருந்து ஆறு மணி பின்னால். அவள் விரல்கள் பாதியில் நின்றுவிட்டன.

"எட்டு நாப்பது," என்றாள் ரோசான் மெதுவாக. "ஒன்பதாம் தேதி விடிகாலை இல்ல. எட்டாம் தேதி ராத்திரி. கோரி வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி."

"அப்போ வீட்ல யாரு இருந்தா?" என்றார் ஆர்னே.

வெளி அறையில் காத்திருந்தவர்களில் ஒருவர் இருமினார்.

"அவரா?" லொரெய்ன் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். "அவரே ஏன் வித்தாரு? காசு எங்க?"

"விக்கல. வித்தா பேங்க்ல டாலர் விழணும். விழல. விலை வந்தது எப்படின்னா, நீங்க 'விற்றது'ன்னு விட்டதும் மென்பொருள் அன்னிக்குச் சந்தை விலைய அதுவாவே போட்டுக்கிச்சு. நடந்தது வேற. இந்த ரெண்டு பதிவுல மேல இருக்கறதப் பாருங்க. எட்டு மணி ரெண்டு நிமிஷம், பத்து டாலர் மதிப்புக்கு ஒரு துண்டு. முப்பத்தெட்டு நிமிஷம் கழிச்சு மீதி எல்லாம், அதே விலாசத்துக்கு. விலாசம்னா பேங்க் கணக்கு நம்பர் மாதிரி."

"பத்து டாலரா? எதுக்கு?"

"பரீட்சை பாக்க. காயின் வச்சிருக்கறவங்க எல்லாரும் செய்யறதுதான். விலாசத்துல ஒரு எழுத்து தப்பினா எட்டு வருஷம் காத்துல போயிடும். அதனால மொதல்ல கொஞ்சம் அனுப்பி, வந்து சேந்துச்சான்னு அந்தப் பக்கம் பாத்துட்டு, அப்புறம்தான் மீதிய அனுப்புவாங்க. திருடன் கதவத் தட்டிப் பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டான். உக்காந்து பாத்தவர் சொந்தக்காரர். அப்ப காயின் போய்ச் சேந்த பக்கமும் அந்த மேஜை மேலதான் இருந்திருக்கு."

அவர் தன் கணினியில் அந்த விலாசத்தைத் தட்டினார். பிட்காயின் கைமாறும் பேரேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிசம்பர் ஒன்பதுக்குப் பிறகு அங்கிருந்து ஒரு சல்லிக்காசு நகரவில்லை. ரோசான் இரண்டு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"ஒரு தளத்துல இருக்கறதவிட என் கையில இருக்கட்டும்னு நெனச்சிருக்காரு," என்றார் ஆர்னே. "கணக்கு வீட்டுப் படி தாண்டக் கூடாதுன்னு சொல்ற ஆள், காயின மட்டும் வெளிய விடுவாரா? அதுக்குன்னே சின்னக் கருவி இருக்கு. கட்டைவிரல் அளவு. கறுப்பா இருக்கும். சொருகினா நம்பர் கேக்கும். லொரெய்ன், அந்தக் குச்சி ஏன் திறக்கலைன்னீங்க?"

லொரெய்ன் சாவிக்கொத்தைப் பார்த்தாள். நான்கு மாதமாகப் பால் வாங்கப் போகும்போதும், வேலைக்குப் போகும்போதும், வண்டிக்குள் எறிந்தும், தரையில் போட்டும் அதைச் சுமந்திருக்கிறாள்.

"நாலு நம்பர் கேட்டுச்சு," என்றாள்.

முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, சமையலறை நாற்றம் போகாத அந்தக் கோட்டுக்குள் குலுங்கினாள். ரோசான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோரிதான் என்று ஐந்து நிமிஷம் முன்னால் கூவியவள் அவள்தானே. மூன்றாம் வகுப்பில் கையுறை தொலைத்துவிட்டுப் பேருந்தில் அவள் இருக்கைக்குப் பின்னாலேயே ஒண்டிக்கொண்டு வந்த பையன். அவனை எவ்வளவு லேசாகத் தூக்கிப் போட்டோம் என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

ஆர்னே திரையில் இரண்டு பதிவுகளையும் 'சொந்தப் பணப்பைக்கு மாற்றியது' என்று திருத்தினார். வரிக் கட்டத்தில் இருந்த பதினாறாயிரம் மறைந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் திரும்பி வரும் என்று காட்டியது. அதைப் பார்க்க லொரெய்ன் தலை தூக்கவில்லை.

"தப்பான நம்பர சில தடவை போட்டாலே கருவி தன்னைத்தானே அழிச்சுக்கும்," என்றார். "அதனால யூகிச்சு எதுவும் போடாதீங்க. பூட்டு உங்ககிட்ட இருக்கு. சாவி கோரிகிட்ட இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தாத்தான் திறக்கணும்னு டுவேன் நெனச்சாரோ, இல்ல மூச்சு அவ்வளவுதான் விட்டுச்சோ, எனக்குத் தெரியாது. அது தாள்ல இல்ல."

லொரெய்ன் புகார்ப் படிவத்தை நான்காய் மடித்துக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தாள். போனை எடுத்தாள். இரண்டு தடவை வைத்துவிட்டு, மூன்றாம் தடவைதான் அழைத்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"கோரி, நான் லொரெய்ன் பேசறேன். வச்சிடாதப்பா." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ எதுவும் எடுக்கல. நான்தான் தப்பா பாத்துட்டேன். கண்ணு இருந்தும் குருடியாயிட்டேன். நீ மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாய் இல்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பாவ அடக்கம் பண்றோம். பெட்டி தூக்க ஆறு பேரு வேணும். அஞ்சு பேருதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு சொல் கேட்டது. லொரெய்ன் தலையாட்டிவிட்டுப் போனை வைத்தாள்.

"நம்பரக் கேக்கவே இல்லையே!" ரோசான் பதறினாள். "ஒரு லட்சத்துப் பன்னண்டாயிரம்ங்க!"

"இப்ப எப்படிடீ கேப்பேன்?" என்றாள் லொரெய்ன். "கேட்டா, அதுக்குத்தான் கூப்பிட்டேன்னு ஆயிடாதா?"

ஆர்னே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்தவங்கள வரச் சொல்லு," என்றார். ரோசான் கணினியின் கம்பிகளைக் கழற்றினாள். லொரெய்ன் பெட்டியை மறுபடி மார்போடு அணைத்து, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு எழுந்தபோது, கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. கை காலியில்லை. ரோசான்தான் எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"சனிக்கிழமை ஒன்பதுக்கே வந்துடறேன். அப்பா உங்ககிட்ட சொல்லச் சொன்னது: 4 0 1 7. எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நாய் சாப்பிடுதா?"