பெட்டி மாமா சொன்னது

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது ஒரு மழைநாளின் பிற்பகலில். சாமான் வண்டி திரும்பிப் போன பிறகும் சுவர்களிலிருந்து ஈரச் சுண்ணாம்பின் வாசம் கசிந்துகொண்டிருந்தது. உயரமான கூரை, யாராவது பேசினால் சொல்லின் வால் மட்டும் மாடிப்படியில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போனது. வீட்டுக்காரியான பல் மருத்துவருக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா கூடவே வந்தது யானை பலம்.

குழந்தைக்கு நான்கு வயது. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர்.

மாடி அறையை அவளுக்கு ஒதுக்கி, சுவரில் ஒரு கேமராவை மாட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. மருத்துவமனையில் இருந்தபடியே செல்போனில் குழந்தையைப் பார்க்கலாம். இங்கே பேசினால் அங்கே கேட்கும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி செயலி கேட்டுக்கொண்டே இருந்தது. ‘அப்புறம்’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள் மருத்துவர். நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்கும்போது அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

சில வாரங்கள் நல்லபடியாகவே போயின. பிறகு சில்வண்டு பேச்சைக் குறைத்தாள்.

“ஏன்டி உம்முன்னு இருக்க?” என்று ஒருநாள் சாப்பிடும்போது அம்மா கேட்டதற்கு, “பெட்டி மாமா சத்தம் போடாம இருக்கச் சொன்னாங்க” என்றாள்.

“இந்த வயசுல இல்லாத ஆளோட பேசுறது சகஜம்தான். உன் வீட்டுக்காரன் சின்ன வயசுல தலையணையோட சண்டையே போடுவான்” என்றாள் நாத்தனார். இருவரும் சிரித்தார்கள். குழந்தை சிரிக்கவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. நோயாளி ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, மருந்து பிடிக்கட்டும் என்று காத்திருந்த இடைவெளியில் மருத்துவர் செல்போனைத் திறந்தாள். திரையில் சில்வண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேமராவையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

ஒலியைக் கூட்டினாள்.

ஓர் ஆணின் குரல். காதோடு ஒட்டிப் பேசுவதுபோல.

“திரும்பாத கண்ணு. என்னையே பாரு. திரும்பவே கூடாது.”

குழந்தை மெல்லத் தலையாட்டியது.

“டேய்! யார்டா நீ?” என்று செல்போனுக்குள் அலறினாள். குரல் பட்டென்று அறுந்தது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவில் ஓடினாள். நாத்தனார் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது. மருத்துவர் கேமராவை ஆணியோடு பிடுங்கித் தரையில் அடிக்கக் கையை ஓங்கினாள்.

“உடைச்சிடாதம்மா!” நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் தடயம் அதுலதான் இருக்கும்.”

சைபர் குற்றப் பிரிவின் ஆய்வாளர் ஒரு நடுவயதுப் பெண். முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பூட்டு வாங்கிட்டு சாவியைக் கதவுலயே விட்டுட்டீங்க. இந்த மாதிரிக் கேமரா நிறையப் பேர் வீட்டுல ஒரே கடவுச்சொல்லோட ஓடிட்டிருக்கு. உள்ள வர்றவன் கதவைக்கூடத் தட்ட வேண்டாம்.”

“என் தப்புதான் மேடம்.”

“அசால்ட்டா இருந்தீங்க, அவ்வளவுதான். குற்றம் உள்ள நுழைஞ்சவன் மேல. வெளிய சொன்னா அசிங்கம்னு நிறையப் பேர் மூடி மறைச்சிடுறாங்க. அதுதான் அவனுங்களுக்குத் தீனி. நீங்க வந்துட்டீங்க, அதுவே பாதி வேலை.”

அன்றைக்கே மருத்துவர் எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாதபடி. யார் அவற்றுக்குள் நுழையப் பார்த்தாலும் தன் செல்போனுக்கு ரகசியக் குறியீடு வரும்படி செய்தாள். மாடி அறையைப் பூட்டிவிட்டுக் குழந்தையைக் கீழே தன்னோடு படுக்கவைத்தாள். ஆனாலும் உடம்பில் யாரோ கண்ணை ஒட்டிவிட்டுப் போனதுபோலவே இருந்தது. குளிக்கும்போதுகூடக் கூரையைப் பார்த்தாள்.

ஒருவழியாக ஆள் சிக்கினான். குரலை அடையாளம் காட்ட அவளை அழைத்திருந்தார்கள்.

அவள் நினைத்திருந்த அரக்கன் அங்கே இல்லை. நகம் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்துபோன ஓர் இளைஞன். தலையை நிமிர்த்தாமல் பேசினான். அதே குரல்தான்.

“அடுத்தவங்க வீட்டைப் பார்க்கிறது எனக்கு ஒரு வெறி மேடம். நிறைய வீட்டுக்குள்ள போயிருக்கேன். எங்கயுமே வாயைத் திறந்ததில்ல. பேசினா மாட்டிக்குவேன்னு தெரியும்.”

“அப்புறம் எதுக்குடா என் புள்ளைகிட்டப் பேசின?”

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் இருந்தது வெட்கம் அல்ல. பயம்.

“பாப்பாவுக்குப் பின்னாடி ஒருத்தங்க நிப்பாங்க. முதல்ல கதவுகிட்டதான் நின்னாங்க. பாப்பா திரும்பித் திரும்பிப் பார்க்கிறப்பல்லாம் ஒரு அடி கிட்ட வந்தாங்க. அதான் திரும்பாதன்னு சொன்னேன்.”

“போதும் நிறுத்து” என்றார் ஆய்வாளர்.

“அவங்க பாப்பாவைக் கூப்பிடுவாங்க மேடம். உங்க குரல்ல.”

வெளியே வந்ததும் ஆய்வாளர் அவள் தோளைத் தொட்டார். “அவன் சேமிச்சு வெச்ச படம் எல்லாத்தையும் நானே பார்த்தேன். உங்க குழந்தையைத் தவிர யாருமே இல்ல. மாட்டிக்கிட்டதும் இப்படி ஆளாளுக்கு ஒரு கதை விடுவானுங்க. மனசுல ஏத்திக்காதீங்க.”

ஏற்றிக்கொள்ளக் கூடாது என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. நாத்தனார் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சில்வண்டு எங்க அண்ணி?”

“மாடியிலம்மா. பொம்மை வேணும்னு ஒரே அழுகை. அதான் ஆளைப் பிடிச்சாச்சேன்னு அறையைத் திறந்துவிட்டேன்.”

படிகளை அவள் நடந்து ஏறவில்லை.

அறைக்குள் பகல் வெளிச்சம் நிறைந்திருந்தது. கேமரா இருந்த சுவரைப் பார்த்தபடி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சில்வண்டு உட்கார்ந்திருந்தாள்.

“செல்லம், அம்மா வந்துட்டேன். திரும்பு.”

குழந்தை அசையவில்லை.

“அம்மாடா. இங்க பாரு.”

“மாட்டேன்.” அழுகைக்கு ஒரு நூல் முந்திய குரல். “அம்மா குரல் கேட்டாலும் திரும்பாதன்னு மாமா சொன்னாங்க.”

மருத்துவர் ஓடிப்போய் அவளை வாரி எடுத்தாள். சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்று, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். குழந்தையின் முகம் அவள் தோளுக்கு மேலாக அறையைப் பார்த்தது.

சின்ன விரல்கள் அவள் சட்டையை இறுகப் பற்றின.

கீழே வாசலில் நாத்தனார் வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

சில்வண்டு அவள் காதோடு உதட்டை வைத்தாள்.

“அம்மா... இப்ப நீ திரும்பாத.”