மர ஸ்டியரிங்

இழுவை வண்டியின் கொக்கியிலிருந்து இறங்கிய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் குச்சி மெக்கானிக் வாயைப் பிளந்தார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டி. இரண்டே இருக்கை, தரையோடு தரையாகத் தாழ்ந்த மூக்கு. கதவைத் திறந்ததும் பிளந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். புளித்த வியர்வை, துவைக்காத தலையணை, அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. ஏர் ஃபில்டருக்குள் செத்துக் கிடக்கும் எலியை வெறும் கையால் எடுத்துப் போட்டுவிட்டு, அதே பட்டறையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் அவர். ஸ்பானர் நுழையாத சந்திலும் நுழைகிற ஒல்லி விரல்கள் அவருக்கு. குச்சி என்ற பெயரே அதனால் வந்ததுதான். அவரே அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

வண்டியோடு வந்த பெண் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அப்பா வண்டி. இதுல உக்காந்தபடியே போயிட்டார். மூணாவது நாள்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் ஸ்டியரிங்ல இருந்து எடுத்தாங்க."

"பேசாம வித்துடலாமேம்மா?"

"சின்ன வயசுல ஆசையா இதைத் தொடுவேன். 'கையை எடு'ம்பார். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடி விழும். எனக்கு நாப்பது வயசாச்சு, ஒரு தடவைகூட ஓட்டினதில்ல. இனிமே இது என் வண்டி. புது இன்ஜின், புது பிரேக், எல்லாம் போடுங்க. ஆனா அவர் கை பட்டது ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. முக்கியமா அந்த ஸ்டியரிங்."

குச்சி தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் வளையம் முழுக்க மரம், கையால் இழைத்த வேலை. மெக்கானிக்குகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரிஜினல் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் அதைக் குப்பையில் போட மனசு வராது.

இரண்டு மாதம் வேலை நடந்தது. கம்ப்யூட்டர் வைத்த புது இன்ஜின் ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஓட்டுகிறவர் விருப்பத்துக்கு இறுக்கிக்கொள்கிற ஷாக் அப்சார்பர் என்று எல்லாம் வந்தன. பட்டறையில் சீட் தைப்பது அவர் மனைவியின் வேலை. அவள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பழைய இருக்கைகளைப் பிய்த்தெறிந்து, வெளிர் நிறத் தோலில் புதிதாகத் தைத்தாள். வாங்கி வைத்த புது ஸ்டியரிங் மட்டும் உறை பிரிக்காமல் அலமாரியிலேயே கிடந்தது.

குச்சி மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிளேடு பட்ட இடத்தில் அழுக்கு கறுப்பாக உருண்டு உருண்டு வந்தது. கையுறை போட்டால் வேலை சுத்தமாக வராது என்று வெறும் விரலால் வழித்தார். ஓர் உருண்டையில் நரைமுடி இருந்தது. இன்னொன்றை நசுக்கினார், உள்ளே மஞ்சளாக, முழுசாக, ஒரு நகம்.

அன்று மதியம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

"இதை மாட்டாதீங்க" என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு, நீங்க என்ன பண்றீங்க?"

"இப்படி ஒண்ணு இனிமே எவன் செய்வான்? பாலிஷ் போட்டா அந்தப் பொண்ணுக்கு அடையாளமே தெரியாது."

வார்னிஷ் அடித்து வெயிலில் வைத்தார். ஒரே நாளில் காய வேண்டியது, நான்கு நாளாகியும் பிசுபிசுத்தது. ஐந்தாம் நாள் காலையில் அதன்மேல் விரல் தடங்கள்.

தடித்த விரல்கள்.

"நீ தொட்டியா?"

"அந்தக் கருமத்தை நான் எதுக்குத் தொடறேன்?"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, மாட்டியே விட்டார்.

அந்தப் பெண் வண்டியை எடுத்துப்போக வந்தபோது காலை பத்து மணி, நல்ல வெயில். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. கையைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கில் வைத்தாள்.

"இது பழசா?"

"இல்லம்மா, பழசு மாதிரியே செய்யச் சொல்லி வாங்கினது." வாய் கூசாமல் சொன்னார்.

பளார்!

யாரும் கையை ஓங்கவில்லை. அவளுடைய புறங்கை மட்டும் அவர் கண்ணெதிரே சிவந்து தடித்தது.

மரம் வியர்த்தது.

வியர்த்துச் சொட்டியது. சொட்டிய இடத்தில் புதுத் தோல் மஞ்சளாக ஊறியது. அந்தப் பழைய நாற்றம் குப்பென்று எழுந்தது. நாற்பது வயதுப் பெண், சிறுமி மாதிரி இரண்டு கையையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கழட்டுங்க" என்று கிசுகிசுத்தாள்.

குச்சியை வெட்கமும் அருவருப்பும் ஒன்றாகப் பிடுங்கித் தின்றன. போல்ட்டைக் கழற்றிவிட்டு வளையத்தைப் பிடித்து இழுத்தார். காய்ச்சல்காரனின் கையைத் தொட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது. வரமாட்டேன் என்றது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் விரல்களை அது இறுக்கிப் பிடித்தது.

பிறகு சட்டென்று கையோடு வந்துவிட்டது.

புது ஸ்டியரிங்கை மாட்டினார்கள். மனைவி இருக்கையைத் துடைத்தாள். அந்தப் பெண் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியபோது, அவள் சிரித்து முதல்முறையாகப் பார்த்தார்கள்.

"அப்பா இதுல இல்லீங்க. போயிட்டார்" என்றாள்.

அவள் போனதும் மர வளையத்தை உடைத்துத் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தினார் குச்சி. மரம் எரிகிற வாசம்தான் வந்தது, வேறெந்த வாசமும் இல்லை. கையைச் சோப்பால் கழுவினார், பெட்ரோலால் கழுவினார், தின்னரால் கழுவினார். துடைக்கத் துடைக்க உள்ளங்கை ஈரமாகிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் மனைவியோடு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். எட்டு வயது மகள் ஓடி வந்து, தினமும் செய்வது போல, ஹாரன் அடிக்க ஹேண்டிலைப் பிடித்தாள்.

"கையை எடு!"

கரகரத்த, கிழட்டுக் குரல். யார் பேசியது என்று குச்சியே திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் அடி விழுந்திருந்தது.

மகள் அழக்கூட இல்லை. அடிபட்ட கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ச்சீ... அப்பா, உன் கை நாறுது."

மனைவி குழந்தையை இழுத்து, கையை வாசல் விளக்கில் காட்டிப் பார்த்தாள். பிறகு கணவனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் உடனே உதறிவிட்டுத் தன் கையைப் புடவையில் அழுந்தத் துடைத்தாள். பிஞ்சுக் கையில் ஈரமாகப் பதிந்திருந்தன ஐந்து விரல்கள். ஒவ்வொன்றும் குச்சியின் விரலைப்போல் இரண்டு மடங்கு தடிமன்.